துரைக்கு ஒதுங்காத புல்தரை

உதைபந்து ரெஃபரி என்பவன், ஒன்றரை மணி நேரம் பந்தின் பின்னாலேயே ஓடி ஓடி, அதை ஒரு தரம்கூட உதைக்க உரிமையில்லாத மனிதன். ஆட்டம் நன்றாக இருந்தால் ஆடியவர்களுக்குப் பெயர், கெட்டுப்போனால் எனக்கு. கலியாண வீட்டில் பந்திக்கு ஆள் கூப்பிட்டவர்கள், தேர்த் திருவிழாவில் வரிசையை ஒழுங்குபடுத்தப் போனவர்கள், சொத்துப் பிரிக்கையில் அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவில் நின்றவர்கள் யாராவது இதைப் படித்தால், வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள். நாமெல்லாம் ஒரே சாதி, ஏச்சு வாங்குகிற சாதி.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. நான் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி, பதுளையில் தபால் கந்தோர் கிளாக்கராக இருந்தேன். கிழமை நாட்களில் முத்திரை குத்துவேன். ஞாயிற்றுக்கிழமை விசில் ஊதுவேன். இரண்டிலும் நான் வைத்ததுதான் சட்டம் என்று எனக்கொரு கர்வம் உண்டு. மனைவி மனோன்மணிக்கு அந்தக் கர்வத்தைப் பற்றி வேறு அபிப்பிராயம்.

ஊரில் 'கோப்பை' என்றால் வருஷா வருஷம் நடக்கும் உதைபந்துக் கோப்பைதான். அதைக் கொடுத்தவர்கள் துரைமார் கிளப்பார், தேயிலைத் தோட்டங்களை நடத்திய வெள்ளைக்காரர்கள். கொடுத்த உரிமையில் அவர்கள் அணி யாரோடும் மோதாமல் நேரே இறுதியாட்டத்துக்கு வந்துவிடும். மற்ற அணிகளெல்லாம் தங்களுக்குள் அடிபட்டு, கடைசியில் ஒன்று மிஞ்சி, அவர்களிடம் போய்த் தோற்கும். அந்த வருஷம் நமுனுகுலப் பக்கத்துக் கல்மேட்டுத் தோட்டத்திலிருந்து, தொழிலாளர்கள் மட்டுமே ஆடுகிற ஓர் அணி முதன்முதலாகச் சேர்ந்தது. கோப்பையை நடத்திய குழுவின் செயலாளர் எங்கள் ஊர்ப்பக்கத்துப் பிரக்கிராசியார். நீதிமன்றத்தில் வழக்குப் பேசுகிறவர். கல்மேட்டார் சேர்ந்ததிலிருந்து அவருக்கு நித்திரை இல்லை. ஏனென்றால் கல்மேட்டுத் தோட்டத்தின் சின்ன துரை, அதாவது பெரிய துரைக்கு அடுத்த அதிகாரிதான் துரைமார் அணியின் முன்வரிசைப் புலி. இவர்கள் தப்பித்தவறி இறுதியாட்டத்துக்கு வந்துவிட்டால், தோட்டத்து ஆள் தன் சொந்தத் துரையின் காலிலிருந்து பந்தைப் பறிப்பதா? அதை எப்படியாவது தடுத்துவிட வேண்டும் என்பது பிரக்கிராசியாரின் வைராக்கியம்.

காலைக் காட்டு

முதல் ஆட்டம் பதுளைக் கடைக்காரர் அணியோடு. கல்மேட்டார் தேயிலைக் கொழுந்து ஏற்றுகிற லொறியில் வந்து இறங்கினார்கள். பதினொரு பேர், ஒருவர் காலிலும் பூட்ஸ் இல்லை. பிரக்கிராசியார் என்னை ஒரு பக்கமாக இழுத்துப்போய், "தம்பி, வெறுங்காலோட ஆட விடேலாது. திருப்பி அனுப்பிவிடும்" என்றார். "சட்டத்தில எங்க ஐயா அப்பிடி இருக்கு?" என்று கேட்டேன். "சட்டத்தில இல்லாட்டி என்ன? பார்வைக்கு ஒரு மரியாதை வேண்டாமோ?" என்றார். ஒரு பிரக்கிராசியார் வாயிலிருந்து வந்த வார்த்தை இது.

எனக்குக் கோபம் வந்தால் நான் சட்டப்படி நடப்பேன். என் கோபத்துக்கு அதைவிடக் கொடிய வடிவம் கிடையாது. ஆட்டத்துக்கு முன் ரெஃபரி எல்லோருடைய காலையும் பார்க்க வேண்டும், எதிராளிக்குக் காயம் வரக்கூடிய எதையும் அணிய விடக்கூடாது என்பது சட்டம். இரண்டு அணியையும் புல்லில் வரிசையாக உட்கார்த்திக் காலை நீட்டச் சொன்னேன். கடைக்காரர் அணியில் இரண்டு பேருடைய பூட்ஸில் ஆணி துருத்திக்கொண்டிருந்தது. கல்லால் அடித்து உள்ளே தள்ளும்வரை அவர்கள் ஆட முடியாது என்றேன். பிறகு கல்மேட்டார் கால்களுக்கு வந்தேன். அட்டை கடித்த தழும்பு, மலை ஏறி ஏறிக் காய்த்துப்போன குதிகால், வேறொன்றும் இல்லை. ஒருவனுடைய பெருவிரல் நகம் மட்டும் சற்றுச் சந்தேகமாக இருந்தது. அதை நறுக்கிவிட்டு வா என்று அனுப்பினேன். கடைக்காரர்களின் ஆணி உள்ளே போவதற்குள் அவன் நகம் நறுக்கிக்கொண்டு வந்து நின்றான்.

அவர்களுடைய கப்டன் கருப்பையா, கோல் காப்பவன். அகலமான ஆள், மெதுவாகப் பேசுவான். அவன் காலையும் தூக்கிப் பார்த்து, "சரி, ஆடலாம்" என்றேன்.  எழுந்திருக்காமலே என்னைப் பார்த்துச் சொன்னான்:

"ஐயா, எங்க காலப் பாத்து ஒருத்தரு 'சரி'ன்னு சொன்னது இதாங்க மொத வாட்டி."

கவ்வாத்துக் கத்தி

அந்த ஆட்டத்தில் கல்மேட்டார் வென்றுவிட்டார்கள். அடுத்தது அரையிறுதி, பஸ் கராஜ் அணியோடு. ஞாயிற்றுக்கிழமை நடக்க வேண்டிய ஆட்டத்தைப் பிரக்கிராசியார் சனிக்கிழமை பின்னேரத்துக்கு மாற்றினார். சனிக்கிழமை தோட்டத்தில் வேலை நாள் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் மாற்றினார். நான் தகராறு பண்ணிப் பார்த்தேன். நாள் குறிப்பது குழுவின் வேலை, விசில் ஊதுவதுதான் உம்முடைய வேலை என்று வாயை அடைத்துவிட்டார்.

சனிக்கிழமை மைதானத்துக்குப் போகும்போது எனக்கு நம்பிக்கையே இல்லை. போனால், பதினொரு பேரும் கோல் கம்பத்தடியில் குந்தியிருக்கிறார்கள்! எப்படி வந்தீர்கள் என்று கேட்டேன். கருப்பையா உள்ளங்கையை விரித்துக் காட்டினான். கொப்புளம் வெடித்துச் சிவந்திருந்தது. தோட்டத்தில் அது தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் காலம். கவ்வாத்து வெட்டுகிற ஆண்களுக்கு அளவு வேலை: இத்தனை நிரை என்று ஒதுக்குவார்கள், முடித்தால் முழுப் பேர், அதாவது முழு நாள் கூலி, முடித்தவன் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுக்குப் போகலாம். இவர்கள் பதினொரு பேரும் கவ்வாத்துக்காரர்கள். வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டு முடிந்ததும் ஓடிப்போய்க் கத்தியை எடுத்தவர்கள், தேத்தண்ணீருக்குக்கூட நிமிரவில்லையாம். பொழுது உச்சிக்கு வருமுன் வேலை முடிந்துவிட்டது.

வேலையை மேற்பார்க்கிற பெரிய கங்காணிக்கு நம்ப முடியவில்லை. அவசரத்தில் கிளையைக் கிழித்திருப்பார்கள், அந்தச் சாட்டில் அரைப் பேர் போட்டு நிறுத்திவிடலாம் என்று செடி செடியாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனாராம். ஒரு கிழிசல் இல்லை. கடைசிச் செடியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தவர், வேறு வழியில்லாமல் சொன்னதைக் கருப்பையா அப்படியே சொல்லிக் காட்டினான்:

"போங்கடா. வெட்டு சுத்தமா இருக்கு. இனிமே ஒங்க காலு எங்க போனா எனக்கென்ன, ஒங்க கையி எனக்கு வேலய முடிச்சுக் குடுத்துருச்சு."

நடு வட்டத்தில் சத்தியாக்கிரகம்

அரையிறுதியில் பாதி நேரம் வரை யாரும் கோல் போடவில்லை. இடைவேளை விசில் ஊதினேன். கராஜ் அணி பவிலியன் படியேறிப் போயிற்று. அங்கே கண்ணாடிக் கிளாஸில் தேத்தண்ணீர், தட்டில் தோடம்பழச் சுளை. கல்மேட்டார் பின்னால் போனார்கள். படியில் பிரக்கிராசியார் கையை நீட்டி, பின்பக்கத்துக் குழாயடியைக் காட்டினார். குதிரைக்குத் தண்ணீர் காட்டுகிற குழாய் அது.  போய்க் கையில் ஏந்திக் குடித்துவிட்டு, நாடியில் தண்ணீர் சொட்டத் திரும்பி வந்து மைதானத்தில் நின்றார்கள்.  அவர்கள் நாலு வார்த்தை ஏசியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

இடைவேளை ஐந்து நிமிஷம். அதை நீட்டுவது ரெஃபரியின் விருப்பம். இதுவும் சட்டம். நான் போய் மைதானத்தின் நடு வட்டத்தில் சப்பாணி கட்டி உட்கார்ந்தேன். சனம் கூவியது. பிரக்கிராசியார் ஓடிவந்தார். "என்ன காணும், காலில ஏதும் பிடிச்சுப்போட்டுதோ?" என்றார். "இல்லை ஐயா. ஒரு பக்கம் இன்னும் தேத்தண்ணி குடிக்கேல்லை. குடிச்சு முடியுமட்டும் இடைவேளைதான்" என்றேன். "உமக்கு விசரோ?" என்று கத்தினார். மலையிலிருந்து பனி இறங்கத் தொடங்கிவிட்டது. தனியே உட்கார்ந்திருக்க வெட்கமாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை. அப்போது கராஜ் அணியின் கப்டன், ஜுனைதீன் என்ற மெக்கானிக், வாயில் இருந்த சுளையைத் துப்பிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் பின்னால் அவன் ஆட்கள் எல்லோரும். 

பவிலியனில் கிளாஸ் கழுவுகிறவன் சோமதாச என்ற சிங்களவன். அவன் யாரிடமும் உத்தரவு கேட்கவில்லை. பெரிய தட்டம் நிறையக் கிளாஸ்களை அடுக்கிக்கொண்டு படியிறங்கி வந்தான். கல்மேட்டாரும் வட்டத்துக்குள் வந்து உட்கார்ந்தார்கள். இருபத்திரண்டு பேரும் நானும் பனிக்குள் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்தோம். அதைவிட ருசியான தேத்தண்ணீரை அந்தத் தேயிலை மலையிலேயே நான் குடித்ததில்லை. பிரக்கிராசியார் சோமதாசவைப் பிடித்து, யாரைக் கேட்டுக் கொண்டுபோனாய் என்று மிரட்டினார். அவன் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னான்:

"கிளாஸ் கழுவுறது நான்தானே மாத்தயா. எனக்குத் தெரியும், எல்லா வாயும் ஒரே வாய்தான்."

பாட்டன் பிறந்த ஊர்

கல்மேட்டார் ஒரு கோலில் வென்றார்கள். இறுதியாட்டத்துக்கு வந்துவிட்டார்கள்! பிரக்கிராசியாருக்கு ஒரே ஒரு ஆயுதம் மிச்சம் இருந்தது, அது பெரிய ஆயுதம். குடியுரிமைச் சட்டம் வந்து சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. தகப்பனும் பாட்டனும் இந்த நாட்டில் பிறந்தவர்கள் என்று காட்ட முடியாதவன் இந்த நாட்டவன் இல்லை என்றது சட்டம். முன்னோர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்பதால், மலையில் பிறந்து மலையில் சாகிற தோட்டத்துச் சனத்தில் அநேகமாக எல்லோருடைய வோட்டும் ஒரே அடியில் போய்விட்டது. அதைப் பிடித்துக்கொண்டு பிரக்கிராசியார் குழுவைக் கூட்டினார், ரெஃபரி என்ற முறையில் நானும் போயிருந்தேன். இலங்கைக் கோப்பையில் இலங்கைப் பிரஜைகள்தான் ஆடலாம், ஆகவே கல்மேட்டாரை விலக்கி, அவர்களிடம் தோற்ற கராஜ் அணியை இறுதியாட்டத்துக்கு அனுப்புவோம் என்றார். குழுவில் தலைகள் ஆடின.  பூட்ஸுக்கும் தேத்தண்ணீருக்கும் என்னிடம் சட்டம் இருந்தது. இதற்கு இல்லை.

கருப்பையாவையும் ஜுனைதீனையும் கூப்பிட்டு நிறுத்தியிருந்தார்கள். பிரக்கிராசியார் ஜுனைதீனுக்குக் கைகொடுத்து, நீங்கள்தான் இறுதியாட்டம் ஆடப் போகிறீர்கள் என்றார். அவன் கையை இழுத்துக்கொண்டான். "தோத்தது நாங்க. ஜெயிச்ச ஆளுட கதிரையில தோத்த ஆளு குந்தேலாது சேர். எங்களுக்கு வாணாம்" என்றான். பிரக்கிராசியார் அசரவில்லை. நீங்கள் ஆடாவிட்டால் போட்டியில்லாமலே துரைமாருக்குக் கோப்பை என்றார். அந்த இடத்தில்தான் எனக்கு மூளை வேலை செய்தது. எழுந்து, "அப்ப துரைமாரின்ட பாட்டன்மார் எல்லாரும் பதுளையிலயோ பிறந்தவை?" என்று கேட்டேன். ஸ்கொட்லாந்திலும் இங்கிலாந்திலும் பிறந்து கப்பலில் வந்து இறங்கிய பதினொரு வெள்ளைக்காரரை அந்த அறையில் அதுவரை ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை. ஆடிய தலைகள் நின்றன. குழுத் தலைவர் தொண்டையைச் செருமினார். ஒரு சட்டம் என்றால் இரண்டு பக்கத்துக்கும் ஊத வேண்டும் என்றேன். துரைமாரை விலக்குகிற துணிவு அங்கே யாருக்கு இருக்கிறது? பிரேரணை அப்படியே படுத்துவிட்டது.

 போகலாம் என்றதும் கருப்பையா கும்பிட்டான். வாசலில் நின்று திரும்பி, குழு முழுவதையும் பார்த்துச் சொன்னான்:

"நாட்ட நாங்க அப்புறமா கேட்டு வாங்கிக்கிறோங்க. இப்ப ஆட்டத்தக் குடுத்ததுக்கு நன்றிங்க."

வீட்டு அப்பீல்

இறுதியாட்டத்துக்கு முதல் நாள் பிரக்கிராசியார் தபால் கந்தோருக்கே வந்து, மன்னாருக்கு ஒரு கிளாக்கர் தேவையாம், மேலிடத்தில் தனக்கு ஆள் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். முத்திரை வாங்க வந்தவர் போல மெதுவாகத்தான் சொன்னார். வீட்டுக்கு வந்து மனோன்மணியிடம் சொன்னேன். இவளாவது என்னை நிறுத்திவிடுவாள், எனக்கும் ஒரு கௌரவமான சாட்டுக் கிடைக்கும் என்று உள்ளுக்குள் ஒரு சின்ன ஆசை. அவள் என் காற்சட்டையை ஸ்திரிக்கைப் பெட்டியால் அழுத்திக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"மன்னாரிலயும் பந்தடிக்கினம்தானே. பேசாமல் விசிலைக் கழுவி வையுங்கோ."

ஒதுங்குகிற பழக்கம்

ஞாயிற்றுக்கிழமை மைதானம் கொள்ளவில்லை. கல்மேட்டிலிருந்து கொழுந்து லொறியில் கொழுந்துக்குப் பதிலாகப் பெண்கள் வந்து இறங்கினார்கள். பவிலியனில் பிரம்பு நாற்காலி போட்டுக் கல்மேட்டுப் பெரிய துரை உட்கார்ந்திருந்தார். ஆட்டம் தொடங்கிச் சற்று நேரத்தில் சின்ன துரை பந்தை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். எதிரே ராசு. கல்மேட்டாரின் பின்வரிசைத் தூண். அரையிறுதியில் அவனைத் தாண்டி ஓர் ஆள் போகவில்லை. சின்ன துரை கிட்ட வந்ததும் ராசு இரண்டடி ஒதுங்கி நின்றான்! அவன் கை தலைக்குப் போயிற்று, அங்கே இல்லாத துண்டை எடுக்க. பந்து கோலுக்குள் போய் விழுந்தது.

தோட்டத்து வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பாதையில் துரை வந்தால், தொழிலாளி ஓரமாக ஒதுங்கி, தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர் தாண்டிப் போகும்வரை நிற்க வேண்டும். பிறந்ததிலிருந்து செய்த பழக்கம். கால் தானாகவே செய்கிறது. ராசு மட்டுமல்ல, எல்லோருமே ஒதுங்கினார்கள். ஒதுங்கிய பிறகு திடுக்கிட்டுத் தங்கள் காலையே பார்த்தார்கள். கருப்பையா மட்டும் ஒதுங்கவில்லை. கோல் கம்பத்துக்கு நடுவில் நிற்கிறவன் எங்கே ஒதுங்குவான்? தனியாக எத்தனை தடுப்பான்? இரண்டாவது கோலும் விழுந்தது. பெரிய துரை நாற்காலியில் இருந்தபடியே கை தட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் ரெஃபரி வாயைத் திறந்து ஒரு பக்கத்துக்குப் புத்தி சொல்லக் கூடாது. என் வாயில் விசில் இருந்தது நல்லதாகப் போயிற்று.

கருப்பையாவின் அக்கா வள்ளியம்மா, கொழுந்து பறிக்கிறவள். இடைவேளை விசில் ஊதுவதற்குச் சற்று முன் அவள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு கோட்டோரம் வந்து நின்றாள். மலைக்கு மலை கூப்பிட்டுப் பழகிய குரல் அது. பவிலியன் தகரம் அதிர்ந்தது:

"ஏண்டா, ஒதுங்குறதெல்லாம் ரோட்டுலடா! இது ரோடாடா? புல்லுடா, புல்லு!"

ஊதாத விசில்

இரண்டாம் பாதி. சின்ன துரை மறுபடி பந்தோடு வந்தார். ராசு நின்றான்.  இந்தத் தரம் ஒதுங்கவில்லை. காலை நீட்டினான், பந்து அவன் பக்கம் வந்துவிட்டது. வந்த வேகத்தில் சின்ன துரை சேற்றில் குப்புற விழுந்தார்.

 ராசு பந்தைக் காலடியில் போட்டுவிட்டுக் கைகட்டி நின்றுவிட்டான். மற்றவர்களும் அப்படியே நின்றார்கள். பெரிய துரை நாற்காலியை விட்டு எழுந்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஊதினால், துரையை விழுத்தியது குற்றம் என்று அந்தச் சனம் இன்னொரு தலைமுறைக்கு நம்பும். ஆனால் அதற்காக ஊதாமல் இருக்கவும் கூடாது. நடந்தது என்ன என்பதுதான் கேள்வி. நடந்ததை நான் கிட்ட நின்று பார்த்தேன். கால் முதலில் பட்டது பந்தில்தான். துரை விழுந்தது துரையின் வேகத்தால். விசிலை வாயிலிருந்து எடுத்து, எல்லோரும் பார்க்கச் சட்டைப்பையில் போட்டேன்.

சின்ன துரை சேற்றோடு எழுந்தார். நல்ல விளையாட்டுக்காரர், அதைச் சொல்லத்தான் வேண்டும். என்னையும் பார்த்தார், ராசுவையும் பார்த்தார். துரைமார் கற்பது உத்தரவு போடுகிற தமிழ் மட்டும்தான். அந்தத் தமிழில், "நல்லா புடுங்கினான். ஏன் நிக்குது? ஓடு!" என்று அதட்டினார். அவ்வளவுதான். துரை உத்தரவைத் தட்டிப் பழக்கமில்லாத ராசு, பந்தை எடுத்துக்கொண்டு ஓட்டமாய் ஓடினான். மைதானத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஓடி, துரைமாரின் கோல் காப்பவரையும் தாண்டி, பந்தை உள்ளே போட்டுவிட்டுத்தான் நின்றான். பெண்கள் பக்கமிருந்து எழும்பிய சத்தத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. திரும்பி வரும்போது ராசு என்னருகில் மூச்சு வாங்க நின்று, தன்மேல் குற்றமில்லை என்று விளங்கப்படுத்தினான்:

"தொரைதாங்க ஓடச் சொன்னாரு."

ஊதிய விசில்

அதன்பிறகு அது வேறு ஆட்டம். ஒருவர் காலும் ஒதுங்கவில்லை. இரண்டுக்கு இரண்டு ஆயிற்று. முடிய இன்னும் கொஞ்ச நேரம் இருக்கையில் கல்மேட்டார் மூன்றாவதையும் போட்டார்கள். சோமதாச பவிலியன் படியில் தட்டத்தைக் கவிழ்த்துத் தாளம் போட்டான். எனக்கே துள்ள வேண்டும் போல இருந்தது. அப்போதுதான் அந்தச் சனியன் நடந்தது. கோலுக்கு முன்னால் எழும்பி வந்த பந்து ராசுவின் கையில் பட்டது. பட்டது என்றால், அவன் கையை நீட்டித் தட்டினான். சட்டைப்பையில் இருந்த விசிலை எடுத்து ஊதினேன். பெனால்டி!

என்னை ஏசாதவர் இல்லை. கோட்டோரம் நின்ற ஜுனைதீன் தலையில் கை வைத்தான். வள்ளியம்மா என் குடும்பத்தை விசாரித்தாள். பிரக்கிராசியார் அந்த மாதத்தில் முதன்முறையாகச் சிரித்தார். அவருடைய சிரிப்பைப் பார்த்ததும் ஊதிய விசிலை விழுங்கிவிடலாமா என்று இருந்தது. ஆனால் நண்பர்களே, பாவம் பார்த்துக் கொடுத்த வெற்றி என்று நாளைக்கு எவனும் அவர்களைப் பார்த்துச் சொல்லக் கூடாது. நான் அவர்களுக்காகக் கேட்டது சலுகை இல்லை, அதே சட்டத்தை. அந்தச் சட்டம் இப்போது அவர்களைக் கடிக்கிறது, கடிக்கட்டும். கருப்பையா என்னிடம் வந்தான். ஏசப்போகிறான் என்று நினைத்தேன். "கை பட்டுச்சுங்க. சரிதாங்க" என்று சொல்லிவிட்டுப் போய் இரண்டு கம்பத்துக்கும் நடுவில் நின்றான்.

சின்ன துரை பின்னால் போய் ஓடிவந்து அடித்தார். கருப்பையா வலப்பக்கம் பாய்ந்தான். கவ்வாத்துக் கத்தியில் காய்த்த அந்தக் கைகளுக்குள் பந்து போய் உட்கார்ந்துகொண்டது. நெஞ்சோடு அணைத்தபடி கிடந்தவனை ஆட்கள் தூக்கினார்கள். கடைசி விசிலை நான் ஊதினேனா, சனம் என்னிடமிருந்து பறித்து ஊதியதா என்றே தெரியாது. பெரிய துரை கோப்பையைக் கொடுத்தார். முகம் எப்படி இருந்தது என்று நான் பார்க்கவில்லை, கோப்பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சோமதாச அதில் தேத்தண்ணீர் ஊற்றினான். ராசு குடித்தான், ஜுனைதீன் குடித்தான், சேற்றுக் கையோடு வந்து சின்ன துரையும் ஒரு வாய் குடித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து மனோன்மணி கூட்டத்துக்குள்ளிருந்து வந்து என் காதருகில் சொன்னாள்:

"பெனால்டி குடுத்தனீங்கள், சரி. கருப்பையா பிடிக்காமல் விட்டிருந்தால் இண்டைக்கு வீட்டில உங்களுக்குச் சோறு இல்லை."

திங்கட்கிழமைப் பெரட்டு

மைதானம் என் ராச்சியம். தோட்டம் துரையின் ராச்சியம். திங்கட்கிழமை விடிந்ததிலிருந்து எனக்குக் கந்தோரில் வேலை ஓடவில்லை. பெரட்டில் பெயர் கூப்பிடும்போது அந்தப் பதினொரு பெயர் இருக்குமா, லயத்தை விட்டு வெளியே போ என்பார்களா என்று ஒரே யோசனை. அந்தக் கிழமைக் கடைசியில் கருப்பையா தபால் கந்தோருக்கு வந்தான். கம்பிக்குப் பின்னால் இருந்து எட்டி, "என்ன நடந்தது?" என்று கேட்டேன். வரிசையில் நின்றவர்களும் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

பெரட்டுக்கு எல்லோரும் போயிருக்கிறார்கள். சின்ன துரை நொண்டிக்கொண்டே பாதையில் வந்தாராம். "ஒதுங்கினீங்களோ?" என்று கேட்டேன். "ஒதுங்கினோங்க. அது ரோடுதானுங்களே" என்றான். எனக்கு முகம் விழுந்துவிட்டது. "ஆனா, தலத்துண்ட ஒருத்தனும் அவுக்கலீங்க" என்றான் கருப்பையா. ஆடியவர்கள் மட்டுமில்லை, பெரட்டில் நின்ற ஒருவரும் அவிழ்க்கவில்லை. கங்காணி கண்ணை உருட்டியும் அவிழ்க்கவில்லை என்றான். துரை நின்று, வரிசையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை பார்த்தாராம். பிறகு கங்காணியிடம், பேரைக் கூப்பிடு என்றாராம். பதினொரு பெயரும் இருந்தன. நான் கம்பிக்குள்ளிருந்தே கையை நீட்டி அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். கந்தோர் ஒழுங்குக்கு அது விரோதம்.

"பிறகு துரை ஒண்டும் சொல்லேல்லையோ?" என்று கேட்டேன். பின்னேரத்தில் பந்தடித்துப் பழகுவதற்குத் தானும் வரலாமா என்று கேட்டாராம். உத்தரவாக இல்லை, கேள்வியாகவே கேட்டாராம். நீங்கள் என்ன சொன்னீர்கள் என்றேன். கருப்பையா தலையைச் சொறிந்தான். அவன் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்:

"அதத்தாங்க எல்லாருமாச் சேந்து யோசிக்கிறோம். பூட்ஸக் கழட்டிட்டு வரச் சொல்லலாமா, வேணாமான்னு."

மன்னாருக்கு என்னை யாரும் மாற்றவில்லை, கருப்பையா கேட்டு வாங்கிக்கொள்கிறேன் என்ற நாட்டையும் அவனுக்கு யாரும் அவ்வளவு சீக்கிரம் கொடுக்கவில்லை. ஆனால் நாலு சுண்ணாம்புக் கோட்டுக்குள் ஒன்றரை மணி நேரம் யாரும் யாருக்கும் ஒதுங்காத ஓர் இடம் பதுளையில் இருந்தது, அதற்கு மணிக்கூடு பார்த்தவன் நான்தான், காயத்துக்கு நின்ற நேரத்தையும் சேர்த்தே பார்த்தேன்.